கீறலும் மெருகும்

சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்து சில நாட்களின் பின் என் தம்பியின் மகன் என்னைக் காண வந்தான். வந்தவன், கைக்குட்டையிற் சுற்றிய பொருளொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்தான். அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது பழைய கைமணிக்கூடு ஒன்று. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய வகை. கண்ணாடி மங்கியிருந்தது. கூட்டின் நான்கு புறமும் கீறல்கள்.

“புறக்கோட்டையில் ஒருவரிடம் வாங்கினேன், பெரியப்பா. ஓட்டம் நன்றாக இருக்கிறது. உடம்புதான் இப்படிக் கீறலாய்க் கிடக்கிறது. மினுக்கக் கொடுத்தால் ஒரே நாளிற் புதிதுபோல ஆக்கித் தருவார்களாம். கொடுக்கட்டுமா?” என்று கேட்டான்.

கேள்வி சிறியது. ஆயினும் நான் உடனே விடை சொல்லவில்லை. அதற்கு என் சொந்த வாழ்விலே ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன். முதலில், அவனுக்கு நான் கூறிய விளக்கத்தை உங்களுக்கும் கூறுவேன். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வந்த மணிக்கூடு இன்று எத்தனையோ வீடுகளில் உண்டு. தந்தையினது, மாமனாரது, கடையில் வாங்கியது எனப் பலவகை. அவற்றை வைத்திருப்போர் எல்லோரும் என்றாவது ஒருநாள் இக்கேள்வியைக் கேட்கவே செய்வர்.

பொருளைத் துலக்கி வைத்தல் நம்மவரின் நல்ல பழக்கம். வெள்ளிக்கிழமை வருமுன்னே குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்குகின்றோம். அவ்வாறாயின் மணிக்கூட்டை மட்டும் ஏன் விலக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. இரண்டும் ஒரே செயல் அல்ல என்பதே அதற்கு விடை. விளக்கிலே படிந்திருப்பது எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும். புளி அவற்றைக் கரைத்து நீக்குகின்றது. கீறலோ ஒட்டிய அழுக்கு அன்று. உலோகம் இருந்த இடத்தில் உலோகம் இல்லாமற் போனதையே கீறல் என்கின்றோம். இல்லாத ஒன்றைத் துடைத்து நீக்க எவராலும் இயலாது.

அப்படியாயின் மினுக்குபவர் செய்வது யாது? கமக்காரர் ஒருவரின் தறையிலே ஒரு முழ ஆழமான கிடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண் கொண்டுவந்து நிரப்ப வழியில்லை. அவர் தறை முழுவதையும் ஒரு முழம் வெட்டித் தாழ்த்திவிட்டால் கிடங்கு கண்ணுக்குத் தெரியாது. மெருகிடுதல் இத்தகைய செயலே. கீறலை அது நிரப்புவதில்லை. கீறலின் அடிவரைக்கும் சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் தேய்த்துத் தாழ்த்துகின்றது. ஆழமான ஒரு கீறலுக்காகக் கூடு முழுவதும் மெலிய வேண்டும்.

அவ்வாறு மெலிவதும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை. மெருகுப் பசை பூசிய துணிச்சில்லு மிக விரைவாகச் சுழலும். அதன்மேல் கூட்டை அழுத்திப் பிடிப்பர். துணி மென்மையானது. மென்மையான பொருள் சமநிலத்தை விட மேட்டையும் விளிம்பையுமே முதலில் தின்னும். ஆதலால் பட்டியைத் தாங்கும் நான்கு கொம்புகளும் ஒடுங்கும். கூர்மையாக இருந்த ஓரங்கள் சவர்க்காரக் கட்டியின் ஓரம்போல மழுங்கும். பட்டியின் ஊசி பொருந்தும் துளை வாய் அகலும். புதிய மணிக்கூட்டின் கூட்டை உற்று நோக்குங்கள். சில முகங்கள் கண்ணாடிபோல ஒளிரும். சில முகங்களில் மெல்லிய இழைக்கோடுகள் ஒரே திசையில் ஓடும். இரண்டும் சந்திக்கும் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். அனுபவமற்ற ஒருவர் சில்லிற் பிடித்த பின் இழைக்கோடும் இல்லை, எல்லையும் இல்லை. எல்லாம் ஒரே மினுக்கம். யப்பானியரின் கிராண்ட் செய்க்கோ வகையில் 1967இல் வெளிவந்த 44 என்னும் எண்ணுடைய மணிக்கூடு, தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் ஒளியோடு ஆடும் ஆட்டத்துக்காகவே பெயர் பெற்றது. அத்தகைய ஒன்றின் விளிம்பு மழுங்கினால் அதன் அழகிற் பெரும்பகுதி போய்விட்டது என்றே கொள்ளவேண்டும்.

அடுத்து நோக்கவேண்டியது, கூடு எவ்வுலோகத்தால் ஆயது என்பது. பொன்னிறமாக ஒளிர்வதெல்லாம் பொன் அன்று. பழைய மணிக்கூடுகள் பலவற்றில் உள்ளே பித்தளை; மேலே பொன் முலாம். தடித்த முலாம் என்று பெருமையாகச் சொல்லப்படுவது 20 மைக்கிரோன். ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு அது. மனிதரின் தலைமயிரொன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். மயிரிழையிற் பாதியும் இல்லாத அப்படலத்தைச் சில்லிற் பிடித்தால், சில கணத்திற் பித்தளை பல்லிளிக்கும். குரோமிய முலாம் இட்ட கூடும் அவ்வாறே. பின்மூடியில் மட்டும் ‘துருப்பிடிக்காத உருக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் கண்டு, கூடு முழுவதும் உருக்கு என்று எண்ணி ஏமாந்தோர் பலர். முலாம் இட்ட கூட்டை மினுக்கலாகாது. இதற்கு விலக்கே இல்லை. முழுதும் உருக்கானதும் முழுதும் பொன்னானதுமே தேய்ப்பைத் தாங்கும். அவற்றுள்ளும் பொன் மென்மையானது. கைக்குக் கைமாறுந்தோறும் மினுக்கப்பட்டால், பின்புறத்தில் இடப்பட்ட தர முத்திரைகூட மறைந்து போகும்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். தம்பி மகனின் மணிக்கூட்டை நான் உற்றுப் பார்த்தபோது அதனை அழகிழக்கச் செய்தது கூட்டின் கீறலினும் கண்ணாடியின் மங்கலே என்று கண்டேன். பலருக்கும் நேர்வது இதுவே. முகப்புத் தெளிவாகத் தெரியாதபோது மணிக்கூடு முழுவதுமே பழுதென்று மனம் கருதிவிடுகின்றது. பழைய மணிக்கூடுகளின் கண்ணாடி உண்மையிற் கண்ணாடியே அன்று; அக்கிரிலிக் என்னும் பிளாஸ்ரிக் வகை. அதிற் கீறல் எளிதில் விழும். எளிதிற் போகவும் செய்யும். சிறிதளவு பற்பசையை மென்துணியிலே தொட்டு வட்டமாகத் தேய்த்தால் மேலெழுந்த கீறல்கள் மறையும். அதற்கும் மறையாவிடிற் புதிய கண்ணாடி மாற்றலாம். பெரும்பாலானவற்றுக்குச் செலவு அதிகம் ஆகாது. அதனால் மணிக்கூட்டின் வடிவமும் கெடாது.

பிற்காலத்து மணிக்கூடுகளிலே இருவகைக் கண்ணாடிகள் உண்டு. ஒன்று உண்மைக் கண்ணாடி. மற்றையது செயற்கை நீலக்கல். நீலக்கல் என்றதும் இரத்தினபுரி நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே ஆற்றுப் படுகையில் அகழ்ந்தெடுக்கும் கல்லும் மணிக்கூட்டின் மேல் நிற்கும் நிறமற்ற தட்டும் பொருளால் ஒன்றே. இரண்டும் அலுமினிய ஒட்சைட்டே. இரும்பும் ரைற்றேனியமும் சிறிதளவு சேர்ந்ததால் இரத்தினபுரிக் கல்லுக்கு நீல நிறம் வந்தது. ஒகுஸ்த் வேர்னொய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1902இல் இதனை உலையில் ஆக்கும் முறையை வெளியிட்டார். இக்கனியத்தை ஆங்கிலத்திற் குறிக்கும் சொல் நமது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே. மோஸ் என்பவர் 1812இல் வகுத்த வன்மை வரிசையில் வைரம் 10, குருந்தம் 9. கடற்கரை மணலில் நிறைந்துள்ள குவாட்சு 7. மணிக்கூட்டின் உருக்கோ 6க்கும் குறைவு. தூசியிலும் இம்மணல் கலந்திருக்கின்றது. தூசி படிந்த மணிக்கூட்டைச் சாரத்தின் தலைப்பால் அழுத்தித் துடைப்பவர், தாமே உப்புத்தாள் கொண்டு தேய்த்தவர் ஆகின்றார். அதே தூசி நீலக்கற் கண்ணாடியை ஒன்றும் செய்யாது.

நேயர்களே, இதுவரை உலோகத்தையும் கல்லையும் பேசினேன். இனி என் சொந்தக் காரணத்தைச் சொல்கின்றேன்.

என் தந்தையார் புகையிரத நிலைய அதிபராய் இருந்து 1962ஆம் ஆண்டில் இளைப்பாறினார். உடன் வேலை செய்தோர் பணம் சேர்த்து அவருக்கு ஒரு கைமணிக்கூடு அளித்தனர். உருக்குக் கூடு, பின்மூடியிலே மூன்று வரிகள் மெல்லிய எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. முதல் வரி அவர் பெயர். இரண்டாம் வரி சேவை செய்த ஆண்டுகள். மூன்றாம் வரி, கொடுத்தவர்கள் தம் உள்ளத்திலிருந்து எழுதிய ஒரு வாசகம். கிணற்றுக் கட்டிலும் துவிச்சக்கர வண்டியின் பிடியிலும் வேலிக் கம்பியிலும் பட்டுப் பட்டு அந்த மணிக்கூடு நிறையக் கீறல் கொண்டது. 1974இல் எனக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணப்பந்தலிலே தந்தையார் மிடுக்காக நிற்கவேண்டும் என்பது என் ஆசை. அவருக்குத் தெரியாமல் அந்த மணிக்கூட்டை எடுத்துச் சென்று மினுக்கக் கொடுத்தேன். இரண்டு நாளில் அது வெள்ளித் தட்டுப்போல் ஒளிர்ந்து திரும்பியது. பெருமையோடு அவர் கையிற் கொடுத்தேன்.

அவர் முகப்பைப் பார்த்தார். பின்பு திருப்பினார். பின்மூடியைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். “நல்லாய் மினுங்குது, தம்பி” என்று சொல்லிக் கையிற் கட்டிக்கொண்டார். அதற்குமேல் அன்றும் பின்னரும் அவர் அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் மறைந்த பின் அந்த மணிக்கூடு என்னிடம் வந்தது. ஒருநாள் விளக்கின் கீழே பின்மூடியைச் சாய்த்துப் பார்த்தேன். பெயரின் முதலெழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் நிழல்போலத் தெரிந்தன. மற்றெல்லாம் போய்விட்டன. பெயர் எனக்குத் தெரியும்; ஆண்டும் தெரியும். மூன்றாவது வரி தெரியாது. சிறு வயதில் எத்தனையோ முறை அதனை வாசித்தவன் நான். ஆயினும் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. எழுதியவர்கள் எவரும் இன்று உயிரோடில்லை. எவரும் அதனை எங்கும் குறித்து வைக்கவும் இல்லை. மினுக்கியவர்மீது குறை கூறேன். கீறலை நீக்கும்படி சொன்னேன், அவர் நீக்கினார். பொறித்த எழுத்தும் சில்லின் முன்னே கீறல்தானே! எது கீறல், எது எழுத்து என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

நம் முன்னோர் ஓலையிலே எழுத்தாணியாற் கீறியே எழுதினர். கீறிய கோட்டில் மை தடவ, எழுத்துத் தெளிவாயிற்று. கீறல் எல்லாம் குற்றம் என்று கொள்பவன் தன் பாட்டனாரின் ஏட்டையும் குற்றமென்பான். மணிக்கூட்டின் உள்ளேயும் இத்தகைய எழுத்து உண்டு. பின்மூடியைத் திறந்தால், காலத்துக்குக் காலம் அதனைத் திருத்தியவர்கள் ஊசி முனையாற் கீறிய சிறு குறிகளும் திகதிகளும் காணப்படுவதுண்டு. அவற்றைக் கொண்டு அந்த மணிக்கூடு எப்போதெல்லாம் பராமரிக்கப்பட்டது என்பதை அறியலாம்.

நியூயோர்க் நகரிலே 2017 ஒக்ரோபரில் ஒரு றோலெக்ஸ் மணிக்கூடு ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அமெரிக்க நடிகர் போல் நியூமன் அணிந்தது அது. அவர் காரோட்டப் பந்தயங்களில் ஈடுபட்டவர். கவனமாக ஓட்டும்படி அவர் மனைவி ஜோன் வூட்வேட் சொன்ன சிறு வாசகம் அதன் பின்மூடியிற் பொறிக்கப்பட்டிருந்தது. அதே தொழிற்சாலையிற் செய்த அதே வகை மணிக்கூடுகள் வேறும் உள்ளன. அவற்றுக்கு இத்தொகையை எவர் கொடுப்பார்? அணிந்தவரின் வாழ்வும் அவ்வெழுத்துமே அதன் விலையாயின. நம் வீட்டு மணிக்கூட்டை ஏலத்திற் கேட்க எவரும் வரப்போவதில்லை. ஆயினும் வீட்டுக்கு அதன் மதிப்பு அவ்வழியே வருகின்றது.

இவ்வாறு சொல்வதால், ஒருபோதும் மினுக்கலாகாது என்று நான் விதிக்கவில்லை. பொலன்னறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த வெண்கலத் திருமேனிகள் கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூலால் அவை உலகறிந்தன. அரும்பொருட்சாலைக் காப்பாளர் எவரும் அவற்றைப் புளியிட்டு விளக்கமாட்டார். ஆனால் கோயிலில் வழிபாட்டிலுள்ள திருமேனியைத் துலக்கி அபிடேகம் செய்கின்றோம். இரண்டும் முறையே. பொருள் எதற்காக இருக்கின்றதோ அதற்கேற்ப நடத்துகின்றோம். மணிக்கூட்டுக்கும் இந்நீதி பொருந்தும்.

கூட்டின் ஓரத்தில் எழுந்த பிசிறு தோலைக் கீறுகின்றதா? சட்டைக் கையைக் கிழிக்கின்றதா? அதனை நீக்குக. அண்மைக் காலத்து மணிக்கூடு, ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டது, எவருடைய நினைவையும் தாங்காதது, நாளும் அலுவலகத்துக்கு அணிவது, கூடும் முழு உருக்கானது; அதனை ஒருமுறை நல்ல கைத்திறன் உள்ளவரிடம் மெருகிடக் கொடுப்பதிற் பிழை இல்லை. சங்கிலிப் பட்டியையும் அவ்வாறே புதுக்கலாம். அது தேய்வதற்கென்றே உள்ளது. ஆழ்ந்த வெட்டு ஒன்று உருவத்தையே கெடுக்கிறதாயின், அதே வகை உலோகத்தை லேசர் ஒளியால் உருக்கிப் பள்ளத்தை நிரப்பிய பின் தீட்டும் முறையும் இன்று உண்டு. அதுவே தறைக்கு மண் கொண்டுவந்து நிரப்பும் வழி. ஆயின் செலவு மிகுதி, செய்வோரும் சிலரே.

மினுக்கக் கொடுப்பதாயின் சிலவற்றை மறவாதீர்கள். முதலாவது, பொறித்த எழுத்து, இலக்கம், முத்திரை எதுவாயினும் கொப்பியில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். இரண்டாவது, பொறியை வெளியே எடுத்த பின்னரே கூட்டைத் தேய்க்க வேண்டும். இல்லையேல் மெருகுப் பசையும் தூசியும் பற்சில்லுகளிற் புகுந்துவிடும். மூன்றாவது, இழைக்கோடு உள்ள முகத்தை இழைக்கோடாகவே திருப்பித் தரும்படி கேளுங்கள். நான்காவது, நீர்புகா வகையாயின் இறப்பர் வளையத்தை மாற்றி அழுத்தச் சோதனை செய்விக்க வேண்டும். ஐந்தாவது, முகப்பையும் முட்களையும் தொடவே வேண்டாம். இருளில் ஒளிர்வதற்காக அக்காலத்து முகப்புகள் பலவற்றில் ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. ஒளிர்தல் எப்போதோ நின்றிருக்கும். ஆனால் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாய்க் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். அதனைச் சுரண்டி எழுந்த தூளைச் சுவாசிப்பது கேடு.

விற்பவர்க்கும் ஒரு சொல். மினுக்கி விற்பது குற்றமன்று. மினுக்கியதை மறைத்து விற்பதே குற்றம். “இது மெருகிடப்பட்டது” என்று சொல்லி விற்பவரிடம் நம்பி வாங்கலாம். பழையவற்றைச் சேகரிப்போர், மெலிந்து ஒளிரும் கூட்டினும் கீறலோடு கூடிய தடித்த கூட்டுக்கே கூடிய விலை கொடுப்பர். ஆதலால் விற்கும் நோக்கத்தோடு மினுக்குபவர் பலவேளை தம் பொருளின் விலையைத் தாமே குறைத்துக்கொள்கின்றார்.

எல்லாவற்றுக்கும் மேலான நியாயம் ஒன்று உண்டு. இன்று மினுக்காமல் விட்டதை நாளை மினுக்கலாம். பத்து ஆண்டு கழித்தும் மினுக்கலாம். இன்று மினுக்கியதை நாளை பழையபடி ஆக்க இயலாது. திரும்பி வரக்கூடிய வழியும் திரும்பி வரமுடியாத வழியும் முன்னே இருக்கையில், ஐயம் உள்ளவன் முதல் வழியில் நிற்பதே அறிவு.

தம்பி மகனின் மணிக்கூட்டை நாங்கள் இருவரும் சன்னலோரம் கொண்டுசென்று திருப்பிப் பார்த்தோம். பின்மூடியிலே அழுக்கடைந்து மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் ஆண்டும் இருந்தன. அந்த மூன்று எழுத்துக்கு உரியவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் நமக்கு யாரோ ஒருவர். வேறு ஒரு வீட்டில் அவர் ஒருவருக்குத் தந்தையாய் இருந்திருப்பார். அவன் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பின்பு தன் கொப்பியை எடுத்து அவ்வெழுத்துகளையும் ஆண்டையும் எழுதிக்கொண்டான்.

அடுத்த கிழமை அவன் அதனைத் திருத்துபவரிடம் கொடுத்தான். புதிய கண்ணாடி இட்டு, உள்ளே துப்புரவாக்கி, எண்ணெய் இட்டு எடுத்தான். பற்றுச்சீட்டிலே, ‘கூட்டை மினுக்க வேண்டாம்’ என்று எழுதுவித்தான். திருத்தத்தோடு மெருகையும் சேர்த்துச் செய்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆதலால் சொல்லாமல் விடலாகாது. இப்போது முகப்புத் தெளிவாக இருக்கின்றது. கூடு தன் கீறல்களோடு இருக்கின்றது. சென்ற மாதம் வந்தபோது கையை நீட்டிக் காட்டினான். மோட்டார்ச் சைக்கிளை நிறுத்துகையிலே மதிலில் உரசிய புதிய கீறலொன்று.

“இது என்னுடையது, பெரியப்பா” என்றான்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இத்தகைய மணிக்கூடு ஒன்று உறங்கக்கூடும். அதனை மினுக்கக் கொண்டுசெல்ல எண்ணினால், அதற்கு முன் இன்றிரவு விளக்கின் கீழே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எழுத்து இருந்தால் வாசியுங்கள். வாசித்ததை எழுதி வையுங்கள். பின்பு முடிவு செய்யுங்கள்.